சுமப்பவர்

முதலில் அச்சாகி வந்த படிவத்தில்
‘கிருமி கடத்துபவர்’ என்றிருந்தது.
ஒடுகத்தூரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.
“கடத்துறதா? எங்க ஊர்ல ஏற்கெனவே
செம்மரக் கேசு நாலு பேர் மேல கீது”
என்றார் டீக்கடை முனிரத்தினம்.
சிரித்தோம். ராத்திரியே வேலூர் திரும்பி
எழுநூறு தாளிலும் வெள்ளை மை பூசி
அதன்மேல் எழுதினோம்:
சுமப்பவர்.

அதற்குச் சம்மதித்தார்கள்.
ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகும் வேன்
விடியலில் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்கும்.
பன்னிரண்டு இருக்கை, இருபத்தாறு பெண்கள்,
மடிமேல் மடி, டிபன் பாக்ஸ் மேல் டிபன் பாக்ஸ்.
தைக்குளிருக்குக் கண்ணாடி ஏற்றிவிட்டால்
எல்லோருக்கும் ஒரே மூச்சு.
ஜெபசீலி மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சுழற்றுவாள்.
தும்முவார்கள். கண்ணில் நீர் முட்ட
ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள்.
குச்சிகள் பனிப்பெட்டிக்குப் போகும்,
எண்கள் என் மேஜைக்கு.

மூன்று கட்டம் வரைவேன்.
ஏதுமில்லாதவர். சுமப்பவர். நோயுற்றவர்.
முதல் இரண்டுக்கும் நடுவே அம்புகள்
அந்த வேனைப் போலப் போய்ப்போய்த் திரும்பும்.
நூறு பேரில் பதினெட்டுப் பேர் தொண்டையில்
வாடகை தராத குடித்தனம்.
ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருந்துவிட்டு
சொல்லாமல் காலி செய்யும்.
போகும்போது சில வீடுகளில்
வாசலுக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போகும்,
அதே ஆள் மறுபடி வந்தால் திறக்காத பூட்டு.
இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரே அம்பு.
அதன் எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு சுழியம்.
திரையில் அந்தக் கோடு மயிரிழை.
அச்சிட்டால் சிலநேரம் விழுவதே இல்லை.

அந்த மயிரிழையில்
மாசி மாதம் நடந்து போனவள் தன்ஷிகா.
வயது நாலு. காய்ச்சல்,
மரக்கட்டையாய்ப் பின்கழுத்து,
பதினாறு நாள் ஆஸ்பத்திரி.
வீட்டில் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தோம்.
பிழைத்துக்கொண்டாள்.

ஆனியில் அவள் அம்மா கெங்கா
பாகாயத்தில் பஸ் இறங்கி, விசாரித்து விசாரித்து
என் அறைக்கு வந்தாள்.
குழந்தை தரையில் உட்கார்ந்து
கிழித்த குச்சி உறைகளை வரிசையாக அடுக்கியது.

“யார்கிட்டருந்து வந்துச்சுன்னு
உங்க கம்ப்யூட்டர்ல கீதாமே.”

கணக்கில் ‘யார்’ கிடையாதும்மா,
‘எத்தனை பேர்’ மட்டும்தான் என்றேன்.

“சண்டைக்குப் போமாட்டேன் சார்.
தெரிஞ்சிக்கத்தான்.”

தயங்கினேன். குழந்தையைப் பார்த்தேன்.

“சத்தமாவே சொல்லுங்க.
அவளுக்குக் கேக்காது.”

கணக்கில் இல்லாத பெயர்
கீழ் இழுப்பறையில் இருந்தது.
வரிசை எண் நூற்றுப் பதினாலு.
அந்த வீட்டில் எடுத்த நாலு குச்சியில்
ஒன்றில்தான் வளர்ந்தது, அதே வகை.
வேனில் இன்னும் ஆறு பேரிடம் அதே வகை.
ஆட்டுச் சந்தையில் எத்தனை பேரோ,
குச்சி படாத தொண்டைகள்.
எந்த மூச்சென்று எந்தச் சமன்பாடும் சொல்லாது.
ஏழு வயது மூத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே,
அவன் வாசலுக்குப் பூட்டுப் போட்டதும்
அதே மூச்சாக இருக்கலாம்.
நூற்றுப் பதினாலு: பெண், வயது இருபத்தேழு,
ஷூ மேல்தோல் தையல்.
கையெழுத்தில் கெ-வின் கொம்பு
சற்றுப் பெரியது.

“யாரா வேணா இருக்கலாம்மா” என்றேன்.
பொய்யில்லை.

கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்தாள்.
நடுக்கட்டத்தில் விரல் வைத்து
“இதுல நாங்கல்லாம் கீறோமா?” என்றாள்.
நானும் இருப்பேன் என்றேன்.
பெயர் சொல்லிக் கூப்பிடாமல்
குனிந்து தோளைத் தொட்டு,
தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
படியிறங்கினாள்.

அன்று மாலை
அந்த ஒற்றைக் கோட்டைத் தடிமனாக்கினேன்.
மறுநாள் காலை
பழையபடி மெலிதாக்கினேன்.
எண் மாறவில்லையே.